குழந்தை அடம் பிடிக்கும்போது என்ன செய்வது? எலியாவின் கதை காட்டும் வழி

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகள் அடம் பிடிப்பது இயல்பு. கோபத்தை அடக்கும் திறன் அந்த வயதில் இன்னும் வளர்ந்திருக்காது. அதை வெறும் கீழ்ப்படியாமை என்று பார்த்தால் கை ஓங்கத்தான் தோன்றும். நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவதும் வேதாகமத்தின் நீதிமொழிகள் 13:24, பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற வசனம்தான். ஆனால் எபேசியர் 6:4 பெற்றோருக்கே கட்டளை தருகிறது: பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளருங்கள் என்று. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: அவர்கள் "மனந்தளர்ந்துபோகாதபடி". சிட்சை, அதாவது கண்டித்துத் திருத்துவது, கட்டாயம் வேண்டும். அதற்கு அடி தேவையில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சரி, எப்படித் தொடங்குவது? 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரை எந்த வரிசையில் நடத்தினார் என்று பாருங்கள்.

படி 1: முதலில் உடம்பைக் கவனியுங்கள்

எலியா படுத்துத் தூங்கினார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார்; மறுபடியும் சாப்பாடு வந்தது. அதுவரை ஒரு புத்திமதியும் இல்லை.

குழந்தை தரையில் புரண்டு அழுதால் நீங்களும் இதையே முதலில் பாருங்கள். பசியா? மதியம் தூங்கியதா? காய்ச்சல் அடிக்கிறதா? ஆராதனை நீளும்போது மூன்று வயதுக் குழந்தை நெளிவதில் பாவம் எதுவும் இல்லை. கதவுப் பக்கம் உட்காருங்கள், கொஞ்சம் தின்பண்டம் கொண்டுபோங்கள், நடுவில் வெளியே ஒரு நடை கூட்டிப் போங்கள்.

படி 2: குரலைத் தாழ்த்துங்கள்

பிறகு எலியா ஓரேப் மலையில் ஒரு கெபிக்குள், அதாவது குகைக்குள், தங்கினார். அங்கே வந்த பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை. கடைசியில் கேட்டது அமர்ந்த மெல்லிய சத்தம். குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்: "அம்மா இங்கதான் இருக்கேன்."

படி 3: கேளுங்கள்

"எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" இந்தக் கேள்வியைக் கர்த்தர் இரண்டு தரம் கேட்கிறார். எலியா இரண்டு தரமும் அதே புலம்பலைச் சொல்கிறார். கர்த்தர் அதை முழுவதும் கேட்கிறார். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இது. சொன்னதையே சொல்லி அழும் பிள்ளையிடம் "அதான் சொல்லிட்டியே" என்று வெட்டாமல் இருக்க இது கற்றுத் தருகிறது.

சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுங்கள்: "தம்பி பொம்மையைப் பிடுங்கிட்டான்னு கோபமா?" அது தலையாட்டும், அல்லது இல்லை என்று கத்தும். எப்படியிருந்தாலும் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

படி 4: எல்லையில் நில்லுங்கள், வேலை கொடுங்கள்

எலியாவைக் கர்த்தர் கெபியிலேயே விட்டுவிடவில்லை. திரும்பிப் போ என்று வேலை கொடுத்து அனுப்பினார். அதுபோல, தம்பியை அடிக்க ஓங்கும் கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன், அவனுக்கு வலிக்கும்" என்று சொல்லுங்கள். பாலைக் கொட்டினால் துணியைக் கையில் கொடுத்து, கூடச் சேர்ந்து துடையுங்கள். போன் கிடையாது என்று சொல்லிவிட்டால், அழுகை கூடினாலும் கிடையாதுதான். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன மத்தேயு 5:37 இங்கே அப்படியே பொருந்தும்.

இந்தப் படிகளில் எங்கேயும் "இயேசப்பா அடிப்பார்", "இயேசப்பாவுக்கு உன்னைப் பிடிக்காது" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளைத் தடுத்த சீஷர்கள்மேல் இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10:14 சொல்கிறது. தாத்தா பாட்டி பழக்கத்தில் அப்படிச் சொன்னால், தனியாக, மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஜெபத்தைத் தண்டனையாகவும் ஆக்க வேண்டாம்.

சில நாள் நீங்களே கத்திவிடுவீர்கள். குடும்ப ஜெபம் வரை காத்திருக்காமல் அப்போதே, "அம்மா கத்தினது தப்பு, மன்னிச்சிடு கண்ணு" என்று கேளுங்கள். "நீ அப்படிப் பண்ணதாலதான்" என்று மட்டும் பின்னால் சேர்க்காதீர்கள்.