தோட்டத்தில் தையல்சிட்டு இருக்கிறதா? அரிவாளை எடுக்குமுன் கொஞ்சம் பாருங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. முன்னோருக்கான படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று ஏதாவது வந்தால்தான் முகப்புக் கதவு திறக்கும். அதற்கு நாலு நாள் முன்பு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போன் வரும்: "ஆச்சி வர்றாக, பின்கட்டுத் தோட்டத்தை நல்லா வெட்டிவிட்டு வைங்க." இலையைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டுக்கு நம் பக்கத்தில் நேரும் பெரிய கேடு இந்த ஒரு நாள் வேலைதான் என்பது என் கணிப்பு. காக்காயும் பூனையும் அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. தையல்சிட்டு உயரமான மரத்தை நாடுவதில்லை. கிணற்றடிச் செம்பருத்தி, நந்தியாவட்டை, கொய்யாக் கன்று, எலுமிச்சை என்று பெரும்பாலும் இடுப்பளவு உயரத்திலேயே கூடு வைக்கும். கவாத்து செய்கிறவரின் கை முதலில் போவதும் அந்த உயரத்துக்குத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இது அதிகம் குஞ்சு பொரிக்கும் காலம். நம் ஆனி, ஆவணி முகூர்த்தங்களும் அதே மாதங்களில் வருகின்றன.

பறவை மிகச் சிறியது. வாலோடு சேர்த்து ஒரு சாண்கூட வராது, எடை பத்து கிராமுக்குள். முதுகு இலைப்பச்சை, உச்சி செம்பழுப்பு, வயிறு வெளுப்பு, வால் எப்போதும் தூக்கியபடி. உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். "டுவிட் டுவிட் டுவிட்" என்று விடாமல் கத்தினால் பக்கத்துச் செடியில் ஏதோ நடக்கிறது என்று பொருள். அன்றைக்கு அந்தச் செடியில் கைவைக்காதீர்கள்.

அடுத்த தவறு, கூட்டை முசுறு எறும்பின் கூடு என்று நினைத்துத் தீ வைப்பதும் மருந்தடிப்பதும். இரண்டும் இலையைச் சுருட்டிச் செய்தவைதான் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். அருகில் போனால் குழப்பமே இல்லை. முசுறு பல இலைகளை வெள்ளை நூலாம்படை போன்ற பட்டால் ஒட்டி முழுக்க மூடியிருக்கும், எறும்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். தையல்சிட்டின் கூட்டில் ஒரு பெரிய இலையோ இரண்டு மூன்று இலைகளோ வளைந்து பைபோல் தொங்கும், மேலே வாய் திறந்திருக்கும். ஓரங்களைக் கவனியுங்கள். ஊசி நுழைந்த அளவுக்குத் துளைகள், ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் ஒரு சின்னப் பஞ்சுக் குமிழ். பெண் பறவை அலகால் குத்தி, சிலந்தி நூலையும் பஞ்சிழையையும் அதில் நுழைக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை. வெளியே வந்த இழை பிரிந்து உப்பிக்கொள்வதால் திரும்ப உள்ளே நழுவாது. இலையைக் காம்பிலிருந்து கிள்ளாமலே தைப்பதால் பச்சை மாறாமல் நிற்கும். தைத்த பைக்குள் மெத்தென்று பஞ்சு வைத்து, மூன்று நான்கு முட்டை இடும்.

இதை ஒருமுறை பக்கத்தில் பார்த்தவர்களுக்குப் போனை எடுக்காமல் இருப்பது கஷ்டம். ஆனால் படம் எடுக்கிறேன் என்று இலையை விலக்குவதும், கிளையைக் கயிறு போட்டு ஒதுக்குவதும், போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் மன்னிக்க முடியாத தவறுகள். நீங்கள் கூட்டருகே நிற்கும்வரை, அலகில் புழுவோடு தாய் எதிர்க்கிளையில் கத்திக்கொண்டே இருக்கும், உள்ளே வராது. குஞ்சு பட்டினி கிடக்கும். விலக்கிய இலை வழியே வெயில் இறங்கும், குஞ்சு தின்னும் செண்பகப் பறவையின் கண்ணிலும் படும். இரண்டாம் கட்டு ஜன்னலுக்குள் நின்று பாருங்கள், அதுவே போதும். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அங்கே 1977இல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அமைந்தது. அந்த ஊரார் விட்டுக்கொடுத்ததைப் பார்த்தால், நாம் ஒரு செம்பருத்தியை ஒரு மாதம் வெட்டாமல் விடுவது பெரிய காரியமில்லை.

தேன்சிட்டு என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறவர்களும் உண்டு. இது பூச்சி தின்னும் பறவை. எப்போதாவது பூவில் தேன் உறிஞ்சும், அப்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டி மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான். கம்பு, அரிசி எதுவும் வேண்டாம். வேண்டியது செடியில் இருக்கும் புழுவும் வண்டும். ஆகவே கூடு இருக்கும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தால் அதன் சாப்பாட்டைப் பறிக்கிறீர்கள், விஷமேறிய புழுவைக் குஞ்சின் வாயிலும் வைக்கிறீர்கள். மாவுப்பூச்சி அதிகமானால் கூடில்லாத செடிகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

குஞ்சு கீழே கிடந்தால் பாலோ சோறோ ஊட்ட வேண்டாம். சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்ச் சாகும் குஞ்சுகள் நிறைய. இறகு முளைத்துக் குட்டை வாலோடு தத்தினால் அது பறக்கப் பழகுகிறது. பூனையைக் கட்டுப்படுத்துங்கள், குஞ்சைப் பக்கத்துப் புதரில் விடுங்கள், தாயும் தகப்பனும் வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சென்றால் மெதுவாக எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள், அது உண்மையில்லை. தெரியாமல் கிளையை வெட்டிவிட்டிருந்தால், கூடு நிமிர்ந்து நிற்கும்படி அதே இடத்தில் அடுத்த கிளையோடு நூலால் கட்டிவிட்டு உடனே விலகிவிடுங்கள்.

அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு கூட்டிலிருக்க 14 நாள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, கூடிருக்கும் செடியில் ஒரு துணியைக் கட்டாமல், வாயால் மட்டும் அடையாளம் சொல்லுங்கள். குஞ்சுகள் போனபின் வெட்டலாம். வெட்டுமுன் பக்கத்துச் செடிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அடுத்த ஈட்டுக்கு அதே ஜோடி அங்கேயே புதிதாகத் தைக்கத் தொடங்கியிருக்கலாம்.