நாளுக்கு ஒரு சொல்: நண்பர்களோடு எழுத்துப் புதிர் ஆடும் முறை

ஜாஷ் வார்டில் என்னும் மென்பொருள் பொறியாளர் தம் துணைக்காக உருவாக்கிய 'வேர்டில்' என்ற சொல் விளையாட்டு 2021 அக்டோபரில் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. அடுத்த ஜனவரிக்குள் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கும் அளவுக்கு அது பரவிவிட்டது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும், நாளுக்கு ஒரே ஒரு சொல்தான் என்பவை அதன் விதிகள். இதைத் தமிழில் ஆடுவதற்குச் செயலி எதுவும் கட்டாயமில்லை. நண்பர்கள் நான்கைந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். ஆனால் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்து ஆடினால் ஆட்டம் இரண்டே நாளில் சலித்துவிடும். தமிழ் எழுத்தின் அமைப்பு வேறு. அந்த அமைப்புக்கு ஏற்ப விதிகளைத் திருத்திக்கொண்டால்தான் ஆட்டம் சுவைக்கும்.

முதற்படி: எழுத்தை எண்ணும் முறையை முடிவு செய்தல்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்த கணக்கையே பின்பற்றுங்கள். 'கொ' என்பது ஓரெழுத்து. 'ண்' என்பதும் ஓரெழுத்து. இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். எனினும் கணினி இப்படி எண்ணுவதில்லை. 'தென்றல்' நமக்கு நான்கெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ கொம்பும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் அது ஏழு குறிகளாகிவிடுகிறது. ஆகவே எண்ணிக்கையைக் கருவியிடம் விடாமல் விரல்விட்டு எண்ணுவதே நல்லது. கிரந்த எழுத்துகளைத் தொடக்கத்தில் விலக்கிவைக்கலாம். 'க்ஷ' ஓரெழுத்தா இரண்டெழுத்தா என்ற வழக்கு முதல் வாரத்திலேயே வேண்டாம்.

இரண்டாம் படி: சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

நாளுக்கு ஒருவர் என முறைவைத்துப் புதிர் போடுங்கள். தொடக்கத்துக்கு நான்கெழுத்துச் சொற்களே ஏற்றவை. மூன்றெழுத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் மிகுதி என்பதால் ஊகம் வெறும் குருட்டாட்டமாகிவிடும். ஐந்தெழுத்து புதியவர்களைத் தயங்கவைக்கும்.

விடையாகும் சொல் வேற்றுமை உருபு ஏற்காத பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டும் என்ற வரம்பு மிக முக்கியமானது. தமிழ் வினைச்சொல் ஒவ்வொன்றும் திணை, பால், எண், இடம், காலம் என்று விரிந்து ஏராளமான வடிவங்களைப் பெறுவதால், 'படித்தான்', 'நடப்பாள்' போன்றவற்றை அனுமதித்தால் எந்த ஊகத்துக்கும் எல்லையே இருக்காது. தொழிற்பெயர்கள் இடைநிலையில் நிற்பவை. 'துள்ளல்', 'தேடல்' ஆகியவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். அதற்காக எந்த வினையோடும் 'அல்' சேர்த்து ஒரு சொல்லைச் செய்துவிட்டு, அதுவும் சொல்தான் என்று வாதிடும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவருக்கு அகராதிதான் பதில். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன; அதில் இருக்கும் எந்தச் சொல்லையும் ஊகமாக ஏற்கலாம். விடைச் சொல்லை மட்டும் இன்றைய வழக்கிலிருந்து எடுப்பதே முறை. யாரும் கேள்விப்படாத சொல்லைப் போட்டு வெல்வது வெற்றியாகாது.

மூன்றாம் படி: நிறக் குறிப்பு கொடுத்தல்

ஒவ்வொரு ஊகத்துக்கும் புதிர் போட்டவர் எழுத்துவாரியாக நிறம் சொல்ல வேண்டும். எழுத்தும் இடமும் சரியானால் பச்சை. எழுத்து சொல்லில் இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் மஞ்சள். இவை இரண்டும் வேர்டிலில் இருப்பவையே. இவற்றோடு தமிழுக்கென நீலம் என்ற மூன்றாவது நிறத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அதே இடத்தில் அதே மெய் இருந்து, அதன்மேல் ஏறிய உயிர் மட்டும் வேறாக இருந்தால் நீலம். 'தூ' என்று ஊகித்த இடத்தில் 'தெ' இருந்தாலும், 'ல' என்று ஊகித்த இடத்தில் 'ல்' இருந்தாலும் அது நீலம்தான். எதுவும் பொருந்தாவிட்டால் சாம்பல்.

நீலம் ஏன் தேவைப்படுகிறது? ஆங்கிலத்தில் 26 எழுத்துகளில் ஒன்றைத் தேடுகிறோம். தமிழில் 247-இல் ஒன்றைத் தேடுகிறோம். நீலம் இல்லாவிட்டால் தகரத்தைச் சரியாகப் பிடித்தவரும் பன்னிரண்டு உயிர்களுக்கிடையே வழி தெரியாமல் நிற்க நேரும். சாம்பலின் பொருளையும் கூர்ந்து கவனியுங்கள். அந்த எழுத்து சொல்லில் எங்கும் இல்லை என்பதோடு, அந்த இடத்தில் அதன் மெய்யும் இல்லை என்று அது தெரிவிக்கிறது. வேறோர் இடத்தில் அதே மெய் வேறோர் உயிரோடு ஒளிந்திருக்கலாம். அதைச் சாம்பல் மறுப்பதில்லை.

நான்காம் படி: ஊகித்தல்

இந்தப் புதிரில் பாதி வேலையைத் தமிழே செய்து தருகிறது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்பதில் தமிழ் கண்டிப்பானது. பவணந்தியாரின் நன்னூல் அதை நூற்பாக்களாகவே வகுத்துத் தந்திருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பகுதி அது. இங்கே அதற்குப் பயன் கிடைக்கிறது.

சொல்லின் முதலிலிருந்து தொடங்குவோம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றின் வரிசைகள் தமிழ்ச் சொற்களுக்கு முதலில் வருவதில்லை. 'ரயில்', 'லாரி', 'டமாரம்' போன்றவற்றை விடையாக வைக்கலாமா என்பதைக் குழுவில் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உயிரெழுத்து, அளபெடையைத் தவிர்த்தால், முதலில் மட்டுமே வரும். ஆகவே இரண்டாம் எழுத்து முதல் உயிரைத் தேடவே வேண்டாம்.

இறுதி இன்னும் எளிது. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. இன்றைய வழக்கில் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் ஆகிய எட்டு மெய்களே இறுதியில் வருகின்றன என்று கொள்ளலாம். அந்த இறுதி மெய்க்கு முன்னால் இன்னொரு மெய் வராது. பழஞ்செய்யுளில் வரும் 'போன்ம்' போன்ற வடிவங்கள் விதிவிலக்கு. அவற்றை விடையாகப் போடுபவரை அடுத்த முறை புதிர் போட அழைக்காதீர்கள்.

சொல்லின் நடுப்பகுதிதான் வளமானது. க், ச், த், ப் ஆகிய நான்கையும் அடுத்துத் தத்தம் வரிசை எழுத்தே வரும். எனவே இரண்டாம் எழுத்து 'ப்' என்று தெரிந்த உடனே மூன்றாம் எழுத்து பகர வரிசை என்பது உறுதியாகிறது. ட், ற் இரண்டுக்கும் பின் தம் வரிசையோடு க, ச, ப வரிசைகளும் வரும்: நட்பு, வெட்கம், முயற்சி, கற்பனை. ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை. நடுவில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால், 'வாழ்க்கை', 'பார்த்தல்', 'வாய்ப்பு' என்பவற்றைப் போல, முதல் மெய் ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். மெல்லினமும் வல்லினமும் இணையாக வரும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறும் மிகுதியாக வருபவை என்பதால், முதல் சில ஊகங்களில் இந்த இணைகளைச் சோதித்துப் பார்ப்பதே சிறந்த உத்தி என்பது என் கருத்து. எழுதும்போது ந, ன, ண மூன்றையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு இதில் ஓர் உபரி ஆதாயமும் உண்டு: தகரத்துக்கு முன் 'ந்', றகரத்துக்கு முன் 'ன்', டகரத்துக்கு முன் 'ண்' என்பது தானாகவே கைவந்துவிடும்.

ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்போம்

விடை நமக்குத் தெரியாது; நான்கெழுத்து என்பது மட்டும் தெரியும். முதல் ஊகம் 'கரும்பு'. நான்கும் சாம்பல். ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர வேண்டாம். க, ரு, ம், பு எங்கும் இல்லை, ம்ப என்ற இணையும் இல்லை.

இரண்டாம் ஊகம் 'பந்தல்'. ப, ந், த மூன்றும் சாம்பல், 'ல்' பச்சை. இறுதி கிடைத்துவிட்டதால் மூன்றாம் எழுத்து உயிர்மெய் என்பதும் தெளிவாகிறது. ந்த இணை நீங்கியது. அடுத்து ண்ட இணையைச் சோதிக்கலாம்.

மூன்றாம் ஊகம் 'தூண்டில்'. 'தூ' நீலம், 'ண்' சாம்பல், 'டி' சாம்பல், 'ல்' பச்சை. முதலெழுத்து தகர வரிசை. ஆனால் 'தூ' அன்று, இரண்டாம் ஊகத்தின்படி 'த'வும் அன்று. 'தொங்கல்', 'தாக்கல்' இரண்டும் உடனே நினைவுக்கு வரும்; ஆனால் 'க' முதல் ஊகத்திலேயே நீங்கிவிட்டது. 'திணறல்' பொருந்துவதுபோல் தோன்றும். இரண்டாம் இடத்தில் ணகர மெய் இல்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டோம். 'தெரியல்' என்ற சொல்லை அதேபோல முதல் ஊகத்தின் 'ரு' விலக்குகிறது. எஞ்சி நிற்பவற்றில் எளிதில் தோன்றுபவை துள்ளல், துவையல், தோன்றல், தென்றல்.

இவற்றுள் 'தோன்றல்' என்பதை முதலில் கேட்பதே அறிவுடைமை; ன்ற இணை இருந்தால் இரண்டு சொற்கள், இல்லாவிட்டால் வேறு இரண்டு சொற்கள் என்று கூட்டம் சரிபாதியாகப் பிரியும். நீலம், பச்சை, பச்சை, பச்சை என்று பதில் வருகிறது. ஐந்தாம் ஊகம் 'தென்றல்'.

ஊகங்களைத் தனித்தனியே அனுப்பிப் போட்டியாக ஆடுவதைவிட, ஆறு வாய்ப்புகளையும் குழு முழுவதும் சேர்ந்து பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். தனியாக ஆடுபவர் 'திணறல்' ஏன் பொருந்தாது என்பதை மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு நகர்ந்துவிடுவார். சேர்ந்து ஆடும்போது அதைச் சொல்லி விளக்க வேண்டியிருக்கிறது. றகரத்தில் தொடங்கும் சொல்லை யாருமே ஊகிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் பலருக்கு விதி தெரியாது, ஆனால் அப்படி ஒரு சொல் இல்லை என்பது தெரியும். இலக்கணம் படிக்காதவர்களும் அதன்படியே பேசிவருகிறார்கள் என்பது இப்படிப்பட்ட உரையாடலில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நேரம் இல்லாதவர்கள் இருந்தால், ஒருவர் நாளுக்கு ஓர் ஊகம் மட்டுமே சொல்லலாம் என்று வரையறுத்துவிடுங்கள்; இல்லையேல் விரைவாகத் தட்டச்சு செய்பவரே ஆறு வாய்ப்புகளையும் தீர்த்துவிடுவார்.

மூன்றாம் ஊகத்திலேயே விடை வரத் தொடங்கினால் ஐந்தெழுத்துக்கு மாறுங்கள். அதுவும் எளிதாகிவிட்டால் நீலத்தை எடுத்துவிட்டு ஆடலாம். அப்போது வாய்ப்புகளை எட்டாக உயர்த்துவதே நியாயம்.