வாரம் இரண்டு நாள் மேனேஜரை முழுநேர மேனேஜராக்குவது எப்படி?

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்துபோகும் புரொடக்‌ஷன் மேனேஜர் இருந்தார். ஒரு புதன்கிழமை, சாயம் ஏறி வந்த துணியில் இரண்டு லாட்டுகளுக்கிடையே, அதாவது தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு தொகுதிகளுக்கிடையே, நிறம் லேசாக மாறியிருந்தது. கலந்து வெட்டினால் பனியனின் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறமாகிவிடும். வெட்டுவதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல ஆளில்லாமல் கட்டிங் மேசை வெள்ளி வரை சும்மா கிடந்தது. அதன் பிறகு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். "மேனேஜர் வரட்டும்" என்று நின்றுபோகும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு வாரம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் நின்றது, கடைசியில் யார் முடிவு சொன்னது. எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் என் பெயர்தான் இருந்தது. முதலாளி வாயைப் பார்த்தே வேலை நடக்கும் இடத்தில் முழுநேர ஆளைப் போட்டும் பயனில்லை.

ஆகவே இரண்டாவது படிதான் உயிர்நாடி. உங்களைக் கேட்காமல் மேனேஜர் எதையெல்லாம் முடிவு செய்யலாம் என்று ஒரே தாளில் எழுதுங்கள். லாட்டைத் திருப்பி அனுப்புவது, ஓவர்டைம் போடுவது, எத்தனை ரூபாய் வரை நூலும் ஊசியும் வாங்குவது என்று தெளிவாக இருக்கட்டும். கையெழுத்திட்டு, சூப்பர்வைசர்கள் முன்னால் நீங்களே வாசியுங்கள். வாயால் சொன்ன அதிகாரம் முதல் சண்டையிலேயே காணாமல் போகும்.

மூன்றாவதாக, முழுநேரமாக வருகிறீர்களா என்று இப்போதிருப்பவரிடமே முதலில் கேளுங்கள். வேறு கம்பெனிகளையும் பார்ப்பவர் என்றால் மறுக்கலாம்; அப்போது புதியவருடன் ஒரு மாதம் கூட இருந்து பழக்கிவிடச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

சம்பளம் பேசும்போது கையில் வருவதை மட்டும் கணக்கிடாதீர்கள். முதலாளி பங்கான 12 சதவீத பிஎஃப் உண்டு. பணிக்கொடைக்கும் ஒதுக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ கிடையாது, மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொடுப்பது நியாயம். சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடாவையும், 15ஆம் தேதிக்குள் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐக்கான வருகைக் கணக்கையும் முதல் மாதமே ஒப்படையுங்கள்.

கடைசிப் படி உங்களுக்கானது. முதல் வாரத்தில் செக்கிங் அக்கா ஒருவர் பழக்கதோஷத்தில் ஓட்டை விழுந்த பீஸோடு என் மேசைக்கு வந்தார். "மேனேஜரிடம் காட்டுங்கள் அக்கா" என்று அனுப்பிவிட்டு, அவர் சொல்லும் பதில் காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டேன்.