விண்பொருள் கண்காணிப்பு நிலையங்கள்: தவிர்க்க வேண்டிய சட்டத் தவறுகள்

விண்பொருள்களை, அதாவது செயற்கைக்கோள், ராக்கெட் பாகம் போன்று மனிதர் விண்ணுக்கு ஏவியவற்றை, கண்காணிக்கும் ரேடாரும் தொலைநோக்கியும் தரையில் நிற்பவை. ஆயினும் அவற்றால் எழும் வழக்குகளுக்கு விண்வெளி உடன்படிக்கைகளிலேயே விடை இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

1972ஆம் ஆண்டின் பொறுப்புடைமை உடன்படிக்கை, விண்பொருள் விளைவிக்கும் சேதத்துக்கு அதை ஏவிய நாட்டையே பொறுப்பாக்குகிறது. சேதம் தரையிலோ பறக்கும் விமானத்திலோ நேர்ந்தால் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. விண்வெளியில் மற்றொரு விண்பொருளுக்கு நேர்ந்தால் நிரூபித்தாக வேண்டும். தரையிலுள்ள ரேடார் விண்பொருள் அன்று. எனவே, பிழையான சுற்றுப்பாதைத் தரவை நம்பிச் செயற்கைக்கோளை நகர்த்தியதால் மோதல் நேர்ந்தாலும், தரவு தந்த நிலையத்தின்மீது இந்த உடன்படிக்கையின்கீழ் இழப்பீடு கோர இயலாது. நிலையத்துக்கும் தரவைப் பெறுபவருக்கும் இடையிலான ஒப்பந்தமும் உள்நாட்டுச் சட்டமுமே வழி.

அந்த ஒப்பந்தத்தில் கணிப்பை உறுதிமொழி போல எழுதிவிடுவது அடுத்த தவறு. 2009 பிப்ரவரி 10 அன்று அமெரிக்க நிறுவனமொன்றின் இரிடியம் 33 செயற்கைக்கோள், செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 2251உடன் மோதிச் சிதறியது. பொதுவில் கிடைத்த தரவைக்கொண்டு செய்யப்பட்ட கணிப்போ, இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் விலகிச் செல்லும் என்றே காட்டியிருந்தது. அன்றைய மோதல் அபாயப் பட்டியலில் அந்த நெருக்கம் முதலிடத்தில்கூட இல்லை. ஆகவே அளவீடு எடுத்த நேரம், பிழை வரம்பு, எச்சரிக்கை அனுப்ப வேண்டிய கெடு, நகர்த்தும் முடிவு யாருடையது என்பவற்றைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அமெரிக்க அரசு பகிரும் தரவு தொடர்பான வழக்குகளிலிருந்து அரசுக்கும் அதன் சார்பில் செயல்படுவோருக்கும் அந்நாட்டுச் சட்டம் விலக்களிக்கிறது. சொந்தமாகத் தரவு விற்கும் தனியார் நிறுவனம் அதே காப்பைத் தனக்கும் உரியதாகக் கருதக் கூடாது.

செயலிழந்த செயற்கைக்கோள் உரிமையற்றது என்பதும் தவறு. நாடுகளுக்கிடையிலான 1967 விண்வெளி உடன்படிக்கையின்படி, பதிவு செய்த நாட்டின் அதிகாரவரம்பும் உரியவரின் உடைமையும் தொடர்கின்றன. சேதம் விளைவித்த பொருள் எதுவெனத் தெரியாவிட்டால், பாதிக்கப்பட்ட நாடு கேட்கும்போது, கண்காணிப்பு வசதியுள்ள நாடுகள் இயன்றவரை உதவ வேண்டும் என்கிறது, விண்பொருள்களைப் பதிவு செய்வது பற்றிய பதிவு உடன்படிக்கையின் ஆறாம் உறுப்பு. ஆனால் இதைத் தரவுப் பட்டியல் முழுவதையும் வெளியிடும் கடமையாக விரித்துப் படிப்பது பொருந்தாது, ஏனெனில் அது கோரிக்கையின்பேரில், நியாயமான நிபந்தனைகளுடன் செய்யப்படும் உதவி மட்டுமே.

ரேடாருக்கு அலைவரிசை உரிமம் தேவை என்பதை எவரும் மறப்பதில்லை. லேசர் கொண்டு தொலைவளக்கும் நிலையங்கள்தாம் வான்போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியைக் கடைசி நேரத்துக்கு ஒத்திவைக்கின்றன. ஏற்றுமதிக் கட்டுப்பாடும் இப்படியே தாமதமாக நினைவுக்கு வருகிறது: கருவி எல்லை தாண்டாவிட்டாலும், அதன் தொழில்நுட்ப வரைபடத்தை வெளிநாட்டுப் பங்காளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதே பல நாடுகளில் ஏற்றுமதியாகக் கருதப்படும்.