இத்தாலிய அருங்காட்சியகத்தில் "எத்தனை படி?" என்று கேட்பது எப்படி

ஃபுளோரன்ஸில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சக்கர நாற்காலியில் வர முடியுமா என்று கேட்டேன். "ஸீ, ஸீ" (ஆமாம்) என்றார்கள். அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் வாசலில் மூன்று கற்படிகள். உள்ளே லிஃப்ட் இருந்தது உண்மைதான். ஆனால் வாசலைத் தாண்டினால்தானே லிஃப்ட்? அன்றிலிருந்து ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை நான் கேட்பதே இல்லை. எண்ணைக் கேட்கிறேன்.

1. "ஸ்கூஸி" என்று மரியாதையாகத் தொடங்குங்கள். "ஸ்கூஸா" என்பது நண்பர்களுக்கு.

2. சக்கர நாற்காலிக்கு "ஸேதியா ஆ ரொத்தெல்லே" என்று சொல்லுங்கள். பேச்சில் "கர்ரொத்ஸீனா" என்பார்கள். குழந்தையைத் தள்ளும் வண்டிக்கும் அதே சொல்தான். தொலைபேசியில் குழப்பம் வரும். "ரொத்தெல்லே"யில் வரும் ல்ல, நம் "இல்லை"யில் வருவதைப் போல அழுத்தமாக ஒலிக்க வேண்டும்.

3. இதுதான் முக்கியம்: "க்வான்த்தி க்ராதீனி ச்சி ஸோனோ அல்லின்க்ரெஸ்ஸோ?" வாசலில் எத்தனை படிகள்? "நெஸ்ஸூனோ" என்றால் ஒன்றுமில்லை, நிம்மதி. "ஸோலோ ஊனோ", ஒன்றே ஒன்று என்றால் விடாதீர்கள். "க்வான்த்தோ ஏ ஆல்த்தோ?" என்று உயரத்தைக் கேளுங்கள். நேரில் கேட்டால் கையை வைத்தே காட்டிவிடுவார்கள். அம்மாவின் நாற்காலிக்கு நான்கு விரல் உயரமே பெரிய மதில். அடுத்து "அவேத்தே ஊனா ராம்ப்பா?": சாய்தளம் இருக்கிறதா?

4. "லஷென்ஸோரே ஃபுன்ட்ஸ்யோனா ஓஜ்ஜி?" லிஃப்ட் இன்று ஓடுகிறதா? கதவில் "குவாஸ்தோ" என்று எழுதியிருந்தால் பழுது. 1560இல் அலுவலகங்களுக்காகக் கட்டத் தொடங்கிய, இன்று ஃபுளோரன்ஸின் ஓவிய அருங்காட்சியகமாக இருக்கும் உஃபீஸியில் புகழ்பெற்ற ஓவியங்கள் பலவும் இரண்டாம் மாடியில்தான் இருக்கின்றன. இப்படிப்பட்ட பழைய மாளிகைகளில் லிஃப்ட் இல்லையென்றால் பார்க்க வந்ததையே பார்க்க முடியாது. மாடிக் கணக்கு நம்மைப் போலத்தான்: "ப்ரீமோ ப்யானோ" முதல் மாடி.

5. "தொவே இல் பாஞ்ஞோ பெர் திஸாபிலி?" மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை எங்கே? இந்த ஞ ஒலி பல வெளிநாட்டவர்க்கு வராது. நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. உடன்வருபவரைக் குறிக்கும் "அக்கொம்ப்பஞ்ஞத்தோரே"யிலும் அதே ஞதான்.

மொழிபெயர்ப்புச் செயலியை வீட்டில் உச்சரிப்பு கேட்கப் பயன்படுத்துங்கள். டிக்கெட் சாளரத்தில் தாளும் பேனாவுமே மேல். "66 செ.மீ." என்று நாற்காலியின் அகலத்தை எழுதி, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு நீட்டினேன், அந்த ஊழியர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லிஃப்ட் கதவுக்கே போய்விட்டார்.

பின்சேர்க்கை: மின்சார நாற்காலிக்கு அகலம் மட்டும் போதாது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. லிஃப்டுக்குள் இருக்கும் தகட்டில் "போர்த்தாத்தா" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். நாற்காலி, அமர்ந்திருப்பவர், கூட நிற்கும் நீங்கள், மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.