ஜாட் உழவர் கிளர்ச்சி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1669இல் மதுரா வட்டாரத்தில் ஜாட் என்னும் உழவர் குலத்தார் கோகுலா தலைமையில் முகலாய ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். இதைப் பற்றிய தேர்வுக் குறிப்புகளிலும் இணையக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் பிழைகளில் பல ஒரே வகைதான்: பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுபோய் வைத்து, அதையே காரணம் என்று சொல்லிவிடுவது.

முதலில் ஜிசியா, அதாவது முஸ்லிம் அல்லாதோர் மீதான வரி. "ஜிசியா வரியை எதிர்த்து கோகுலா கிளர்ச்சி செய்தார்" என்று எழுதுவது அப்பட்டமான தவறு. ஔரங்கசீப் அந்த வரியை மீண்டும் விதித்தது 1679 ஏப்ரலில். கோகுலா ஆக்ராவில் கொல்லப்பட்டது 1670இன் தொடக்கத்தில். மதுரா கேசவராய் கோயில் இடிப்பும் இப்படித்தான். அதற்கான உத்தரவு 1670 ரமலான் மாதத்தில் வந்தது. அப்போது கிளர்ச்சி அடங்கி, கோகுலாவும் உயிரோடு இல்லை. அந்த இடிப்பைக் கிளர்ச்சிக்குக் கிடைத்த தண்டனை என்று வாதிடலாம், காரணம் என்று சொல்ல வழியில்லை.

அதற்காக மதத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று மறுகோடிக்குப் போவதும் சரியல்ல. ஔரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷுகோ அதே கோயிலுக்கு அளித்திருந்த கல் கிராதியை (தடுப்பு வேலியை) மதுராவின் ஃபௌஜ்தார் (வட்டாரப் படை அதிகாரி) அப்துன் நபி கான் 1666இல் பெயர்த்தெடுத்தார். கோயில்கள் பற்றிய ஔரங்கசீப்பின் பொது ஆணை 1669 ஏப்ரலில் வந்தது. அடுத்த மாதமே, ஒரு கிராமத்தைத் தாக்கப் போன இடத்தில் அப்துன் நபி சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றைச் சொல்லாமல் வரிச்சுமையை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

வரிச்சுமைக்கும் வரிசை உண்டு. அக்பர் காலத்தில் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்காக இருந்த அரசின் வரிக் கேட்பு, ஔரங்கசீப் காலத்தில் பாதி வரை ஏறியிருந்தது. ஜாகிர்தார் என்பவர் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பகுதியின் வரியைப் பெறும் அதிகாரி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும் அவருக்கு, அடுத்த பருவத்தில் அந்த ஊர் என்ன ஆகும் என்ற கவலை இல்லை. ஆனால் எல்லாமே ஔரங்கசீப் வந்த பிறகு தொடங்கியதாக எழுதக் கூடாது. யமுனைக் கரைக் கிராமங்கள் ஜஹாங்கீர் காலத்திலேயே வரி கட்ட மறுத்துச் சண்டை போட்டவை. ஷாஜஹான் காலத்தில், 1630களின் இறுதியில், மதுராவின் ஃபௌஜ்தார் முர்ஷித் குலி கான் இப்படிப்பட்ட மோதலில்தான் உயிரிழந்தார். (வங்காளத்து முர்ஷித் குலி கான் வேறு ஆள். இந்தக் குழப்பத்தையும் பார்க்க முடிகிறது.)

கோகுலா தில்பத் என்ற ஊரின் ஜமீன்தார் என்றதும், "அப்படியென்றால் இது எப்படி உழவர் கிளர்ச்சி?" என்று சிலர் கேட்கிறார்கள். நமக்கு ஜமீன் என்றாலே ராமநாதபுரம், சிவகங்கை அரண்மனைகள்தான் கண்ணில் நிற்கும். அந்த ஏற்பாடு ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிசெய்தது. மதுராப் பகுதியில் ஜமீன்தார் என்பவர் பெரும்பாலும் ஒன்றோ சில கிராமங்களோ அளவில் பரம்பரை உரிமை உள்ளவர், அதே உழவர் குலத்தைச் சேர்ந்தவர், ஆயுதம் ஏந்திய உறவினர் பலம் உள்ளவர். மேலிருந்து கேட்பு கூடும்போது அவர் பங்கும் குறைந்தது, உழவர் பங்கும் குறைந்தது. இருவரும் ஒரே பக்கம் நின்றதில் வியப்பில்லை.

போரைச் சொல்லும்போது படிகளைத் தாண்ட வேண்டாம். அப்துன் நபி இறந்ததும் கோகுலா சாதாபாத் பர்கனாவை (வருவாய் வட்டத்தை) சூறையாடினார். புதிய ஃபௌஜ்தார் சஃப் ஷிகன் கான், கொள்ளையடித்ததைத் திருப்பித் தந்தால் மன்னிப்பு என்று பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. நவம்பர் 28 அன்று பாதுஷா ஔரங்கசீப்பே தில்லியிலிருந்து கிளம்பினார். அந்தப் பயணத்தில், படைகள் பயிரை மிதித்துவிடாமல் காக்க 200 குதிரை வீரர்களை நிறுத்தியதாகக் குறிப்பு உண்டு. கருணை என்று பாராட்டுவோர் உண்டு; நின்ற பயிர்தான் கருவூலத்தின் வருமானம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு ஹசன் அலி கான் தலைமையிலான முகலாயப் படையோடு போர். கோகுலா பக்கம் 20,000 பேர், முகலாயர் தரப்பில் 4,000 பேரும் கிளர்ச்சியாளர் தரப்பில் 5,000 பேரும் சாவு, சிறைபிடிப்பு 7,000 என்பவை முழு எண்களாகவே வருகின்றன. "என்று கூறப்படுகிறது" என்ற சொல்லோடு எழுதுங்கள்.

தமிழ் வாசகர்கள் குறிப்பாகத் தடுமாறுவது ராஜாராமிடம். 1680களில் கிளர்ச்சியை மீண்டும் மூட்டிய, சின்சினி என்ற ஊரின் ராஜாராம் ஒரு ஜாட் தலைவர். 1688 ஜூலையில் போரில் இறந்தவர். செஞ்சிக் கோட்டையில் முகலாய முற்றுகையைத் தாங்கிய ராஜாராம், சிவாஜியின் மகன். இருவருக்கும் எதிரி ஔரங்கசீப் என்பதால் ஒரே ஆளாக ஒட்டிவிடுகிறார்கள்.

சின்சினி ராஜாராமின் ஆட்கள் ஆக்ராவுக்கு அருகே சிக்கந்தராவில் அக்பர் கல்லறையைச் சூறையாடியதில் ஐயமில்லை. அக்பரின் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள் என்பது மட்டும் இத்தாலியப் பயணி நிக்கோலோ மனுச்சி எழுதியதை வைத்துப் பரவிய செய்தி. சம்பவ காலத்தில் மனுச்சி சென்னையில் குடியிருந்தார். கேள்விப்பட்டதைத்தான் எழுதியிருக்க முடியும். உறுதியான உண்மையாக எழுதாமல், அவர் பெயரைச் சொல்லி எழுதுவதே முறை.

1672இன் நார்னௌல் சத்னாமியர் கிளர்ச்சியை இதன் தொடர்ச்சியாக்குவதும் தவறு. அது ஒரு சமயக் குழுவின் எழுச்சி. பிற்கால ஜாட் தலைவர் சூரஜ்மல்லையும் இங்கே இழுக்க வேண்டாம். 1761இல் ஆக்ராக் கோட்டையைக் கைப்பற்றியபோது அவர் பரத்பூரை ஆண்ட அரசர். வரி கொடுக்க மறுத்தவர் அல்ல, வரி வாங்கியவர்.

கடைசியாகத் தேதி. இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 1080 என்பது 1669 ஜூன் முதல் 1670 மே வரை நீள்வதால், மாதம் பார்க்காமல் 1669 என்று போடக் கூடாது. ஜூலியன், கிரிகோரியன் நாட்காட்டிகளுக்கு 17ஆம் நூற்றாண்டில் பத்து நாள் வித்தியாசம் உண்டு. ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலந்தால், படை கிளம்பும் முன்பே கோட்டை விழுந்துவிடும்.