பழைய ராணுவ லாரியில் சார்ஜ் ஏறவில்லையா? டைனமோவைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று நன்றாக ஓடிய லாரி இன்று காலை செல்ஃப் எடுக்காமல் ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. உடனே பலரின் கை போவது, இன்ஜின் சுழற்சியில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் போல்ட்டுக்குத்தான். கழற்றி, காயில் கட்டக் கொடுத்து, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாற்றிய பிறகும் மீட்டர் முள் அசையாது. கோளாறு பெரும்பாலும் டைனமோவுக்குள் இருப்பதில்லை. மின்சாரம் போய்த் திரும்பும் பாதையில், ஏதோ ஒரு இணைப்பில் இருக்கிறது. எனவே முதலில் எடுக்க வேண்டியது ஸ்பானர் அல்ல, மல்டிமீட்டர்.

எந்த வோல்ட் என்று பார்க்காமல் அளப்பது

இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க ராணுவ லாரியான ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 6 வோல்ட் வண்டி. அதற்குப் பின் வந்த எம்35 வரிசை 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடர் இணைப்பில் இருக்கும். இரண்டு வண்டிக்கும் ஒரே அளவுகோல் உதவாது. இரவு முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 6 வோல்ட்டில் சுமார் 6.3, ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியிலும் சுமார் 12.6 காட்ட வேண்டும். இன்ஜினைச் சற்று வேகப்படுத்தினால் 6 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 7.2 முதல் 7.4 வரையும், 24 வோல்ட் வண்டியில் 27.5 முதல் 28.5 வரையும் ஏற வேண்டும். ஏறாமல் அப்படியே நின்றால் சார்ஜ் இல்லை. 24 வோல்ட் வண்டியில் 30-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, அதுவும் கோளாறுதான்.

எம்35-இன் டாஷ்போர்டில் உள்ள நிறப்பட்டை மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அதன் எர்த் (வண்டியின் உலோக உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) தளர்ந்தாலும் முள் பொய் சொல்லும். அளவை நேராக பேட்டரி முனைகளில் எடுங்கள்.

6 வோல்ட் வண்டிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் கேபிளை அதில் மாட்டிவிடுவார்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடும். அரை வோல்ட் இழப்பு 24 வோல்ட்டில் இரண்டு சதவீதம்தான். 6 வோல்ட்டில் எட்டு சதவீதத்துக்கும் மேல். ஸ்டார்ட்டர் கேபிளுக்குச் செம்பின் குறுக்குவெட்டு 70 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள்.

புது பெயின்ட்டை மறந்துவிடுவது

புதுப்பித்த லாரிகளில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பார்க்கும் கோளாறு இது. வண்டியை மணல் வீசிச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பச்சை அடித்து, அதன்மேல் ரெகுலேட்டரைப் பூட்டுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ரெகுலேட்டரின் அடித்தட்டுக்குக் கீழே ரப்பர் புஷ்ஷும் இருந்தால், எர்த் போவதற்கு வழியே இல்லை. அதற்காகவே இருந்த பின்னல் எர்த் பட்டையை, துருப்பிடித்துவிட்டது என்று யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள்.

டைனமோவுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் காயில்தான் ஃபீல்டு. ஃபீல்டு மின்சாரம் ரெகுலேட்டர் வழியாக எர்த்துக்குப் போகும் வகை டைனமோவில், அடித்தட்டின் எர்த் கெட்டால் ஃபீல்டு வலுவிழந்து சார்ஜ் குறையும். ஃபீல்டு உள்ளேயே எர்த் ஆகியிருக்கும் வகையில் நடப்பது நேர்மாறு: ரெகுலேட்டரின் வோல்டேஜ் காயிலுக்குச் சரியான எர்த் கிடைக்காததால் உண்மையான வோல்ட் அதற்குத் தெரியாது, சார்ஜ் எகிறி பேட்டரி கொதிக்கும். ஒரே தளர்ந்த எர்த், இரண்டு எதிரெதிரான அறிகுறிகள்! சோதிக்க இரண்டு நிமிடம் போதும். இன்ஜின் ஓடும்போது ரெகுலேட்டர் அடித்தட்டுக்கும் டைனமோ உடலுக்கும் இடையே தடித்த ஒயரைப் பிடியுங்கள். வோல்ட் உடனே சீரானால் கோளாறு அங்கேதான். உட்காரும் இடத்தைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, பின்னல் பட்டையை மாட்டி, இறுக்கிய பிறகு வெளிப்புறத்துக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள்.

மீதிப் பாதையையும் இப்படியே அளக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை வேகப்படுத்தி, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் வெளியீட்டுத் திருகிலும் மறுமுனையை எர்த் ஆகாத பேட்டரி முனையிலும் வையுங்கள். 24 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல், 6 வோல்ட் வண்டியில் 0.2-க்கு மேல் காட்டினால் இடையே ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. எர்த் பக்கத்தையும் டைனமோ உடலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு அளங்கள், 0.2-ஐத் தாண்டக் கூடாது. எம்35-இன் ரப்பர் கனெக்டர்கள் வெளியே புதிதுபோலத் தெரியும்; பிரித்தால் உள்ளே பச்சைப் பூஞ்சைபோலச் செம்பு அரித்திருக்கும்.

வகை தெரியாமல் ஃபீல்டைத் தொடுவது

டைனமோ நல்லதா என்று பார்க்க ரெகுலேட்டரை ஒதுக்கிவிட்டு ஃபீல்டுக்கு முழு மின்சாரம் கொடுப்பது பழைய முறை. மேலே சொன்ன இரண்டு வகைகளில், ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகும் முதல் வகையில், கழற்றிய எஃப் முனையை (ஃபீல்டின் முனையை) எர்த்தில் தொட வேண்டும். உள்ளேயே எர்த் ஆகும் இரண்டாம் வகையில் அதே முனையை ஆர்மேச்சர் முனையோடு (டைனமோவின் மின்சாரம் வெளிவரும் முனையோடு) சேர்க்க வேண்டும். ஊகம் வேண்டாம். வெளி ஒயர்களைக் கழற்றி, எர்த் ஆகாத கார்பன் பிரஷ்ஷுக்கும், அது உரசும் தாமிரப் பட்டை உருளையான கம்யூட்டேட்டருக்கும் இடையே ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். எஃப்-க்கும் ஆர்மேச்சர் முனைக்கும் இடையே ஓம்ஸ் காட்டினால் முதல் வகை. எஃப்-க்கும் உடலுக்கும் இடையே காட்டினால் இரண்டாம் வகை. இந்தச் சோதனை சில நொடிகளுக்கு மட்டும். ரெகுலேட்டர் இல்லாததால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும்.

கழற்றி மாட்டிய டைனமோவுக்குத் துருவ காந்தம் ஏற்றாமல் (ஃபீல்டில் ஒரு கணம் மின்சாரம் விட்டுத் துருவத்தைச் சரிசெய்யாமல்) ஓட்டுவது அடுத்த தவறு. துருவம் மாறியிருந்தால், டைனமோவையும் பேட்டரியையும் தானாக இணைத்துத் துண்டிக்கும் கட்அவுட் படபடவென்று அடித்து, அதன் பாயின்ட்டுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். முதல் வகையில் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒயரால் ஒரு கணம் தொட்டால் போதும். இரண்டாம் வகையில் எஃப் ஒயரை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, அந்த ஒயரைப் பேட்டரி முனையில் ஒரு கணம் தொட வேண்டும். கழற்றாமல் செய்தால் ரெகுலேட்டர் பாயின்ட் கருகும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இந்த வேலையே கிடையாது. செய்தால் அதனுள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் போய்விடும்.

கம்யூட்டேட்டரை எமரித் தாளால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் தாமிரப் பட்டைகளில் பதிந்து பிரஷ்ஷை அரித்துவிடும். கண்ணாடித் துகள் பூசிய தாள்தான் சரி. பிரஷ் பாதி நீளத்துக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வானொலி இரைச்சலை அடக்க மாட்டும் கண்டென்சரை எஃப் முனையில் இணைக்கவே கூடாது. அதுவும் பாயின்ட்டைக் கருக்கும்.

ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பது

24 வோல்ட் லாரியில் பாட்டுப்பெட்டி, மொபைல் சார்ஜர் என்று எதற்காவது 12 வோல்ட் தேவைப்படும்போது, நடுவிலுள்ள இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துவிடுவார்கள். சார்ஜ் இரண்டு பேட்டரிக்கும் சமமாகத்தான் போகிறது. செலவு மட்டும் ஒன்றில். அது எப்போதும் பாதி காலியாகவே கிடக்கும். மொத்தம் 28 வோல்ட் இரண்டாகப் பிரியும்போது காலியான பேட்டரி 13-இல் நிற்கும், மற்றதன் தலையில் 15 ஏறும். ஒன்று சல்ஃபேட் பிடித்துச் சாகும், மற்றது தண்ணீர் வற்றிச் சாகும். இரண்டையும் தனித்தனியாக அளந்து, 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இப்படி ஒயர் இழுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். 12 வோல்ட் வேண்டுமென்றால் 24-இலிருந்து 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டரைப் போடுங்கள். பேட்டரி மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றுவதும் இதே வேலையைத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஓடும்போது பேட்டரியைக் கழற்றுவது

‘கழற்றியும் இன்ஜின் ஓடினால் டைனமோ நல்லது’ என்ற பேச்சு பல பட்டறைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் எகிறி டயோடையும் உள் ரெகுலேட்டரையும் எரிக்கும். வெல்டிங் செய்யும் முன்பும் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

டைனமோ வண்டியில் நேர்மாறான அவசரம் ஒன்று வரலாம். இன்ஜினை அணைத்த பிறகும் ஆம்மீட்டர் முழு டிஸ்சார்ஜில் நின்றால், டைனமோவின் உடல் சூடேறி வார்னிஷ் கருகும் வாடை வந்தால், கட்அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டு பேட்டரி டைனமோவுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பிப் பயனில்லை. அந்தப் பாதை சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரியின் எர்த் கேபிளை அந்த நிமிடமே கழற்றுங்கள். அதற்கான ஸ்பானர் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள்.